தெப்ராவில் முதலிடம் பிடித்த கடை

குண்டு எங்கே வைப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்வதற்காக என்னை விமானம் ஏற்றி வரவழைத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் வெளிநாடு. மதுரையிலிருந்து கிளம்பும்போதே எனக்குக் கால் தரையில் இல்லை.

காவல்துறையில் வெடிகுண்டு சோதிக்கும் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள் நான். இப்போது ஜவுளிக்கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் மார்க் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. கூட்டம் எவ்வளவு, வாசல் எத்தனை, யார் வேண்டுமானாலும் நுழைய முடியுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். கூட்டிப் பார்த்து எது அதிகமோ அதுதான் ஆபத்தில் முதலிடம், அங்கேதான் முதல் காவல். இந்த முறையை நானே உண்டாக்கினேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மலேசியாவின் ஜொகூர் பாருவில் தெப்ராவ் பக்கம் ஒரு பெரிய பேரங்காடி, அக்கம்பக்கத்துக் காவலர்களுக்கெல்லாம் மூன்று நாள் பயிற்சி நடத்தக் கூப்பிட்டது. நன்றாக அமைந்தால் அவர்களுடைய மற்றக் கட்டடங்களுக்கும் என் மார்க்கை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

செனாய் விமான நிலையத்தில் லோகா காத்திருந்தாள். பேரங்காடியின் பாதுகாப்பு அதிகாரி. முழுப் பெயர் லோகேஸ்வரி. முப்பத்தைந்து வயது, சீருடை, இடுப்பில் வாக்கிடாக்கி. நான் பெட்டியைக் காரில் வைப்பதற்குள் இன்றைக்கே இடத்தைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

"அலமாக், மேடம்! மொதல்ல சாப்பிடலாம் லா. கட்டடம் எங்க ஓடிப் போகப் போவுது?" என்றாள். அலமாக் என்றால் நம் ஐயையோ; பேச்சின் வாலில் லா போடுவது அந்த ஊர் வழக்கம்.

சாப்பிட அழைத்துப் போனதும் அதே பேரங்காடியின் கீழ்த்தளத்துக்குத்தான். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த மாதிரி ஒரு மாமாக் கடை. தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற, இரவு பகல் மூடாத உணவகங்களை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மூன்று பக்கமும் சுவரே இல்லை. உள்ளே ஏழெட்டு மேசை, மற்றதெல்லாம் நடைபாதையில் பரவி, கார்களை உரசிக்கொண்டு கிடந்தது. பெரிய திரையில் பந்தாட்டம். மலாய்க்காரக் குடும்பம் ஒன்று, சீனத் தாத்தாக்கள், தொழிற்சாலைச் சீருடையில் நேப்பாளப் பையன்கள், எல்லாரும் ஒரே இரைச்சலில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் டீயை இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து ஆற்றி, இன்னும் கொஞ்சம் இனிப்பாகக் கொடுத்தால் அதுதான் தே தாரேக். ரொட்டி சானாய் என்று வந்தது நம்மூர் பரோட்டாவின் மெலிந்த தங்கை. பருப்புக் கறியில் தோய்த்து வாயில் போட்டதும் கரைந்துவிட்டது. மதுரைக்காரியாக இதை எழுதவே கூடாது. நான் இன்னும் இரண்டு கேட்டேன்.

கல்லாவில் இருந்தவர் ஜமீலா. அறுபது வயதிருக்கும். கணவர் போனபின் கடையைத் தனியாக நடத்துகிறார். லோகா அவரை லாத்தா என்று கூப்பிட்டாள். தமிழ் முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மதுரையா தங்கச்சி? எங்க வாப்பா தொண்டி. நல்லாச் சாப்பிடுங்க. வெயிட்டு போடலன்னா திருப்பி அனுப்ப மாட்டோம்" என்றார் ஜமீலா லாத்தா.

அவர் பேசிக்கொண்டிருந்தபோதே என் கண் மேய்ந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு முழு மார்க். சுவர் இல்லாததற்கு முழு மார்க். யாரும் யாரையும் ஏன் வந்தாய் என்று கேட்காததற்கு முழு மார்க். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு மார்க் வாங்கிய இடத்தைப் பார்த்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை மாடியில் இருந்த கூடத்தில் பயிற்சி தொடங்கியது. பேரங்காடி ஜாகாக்கள், தொழிற்சாலை ஜாகாக்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், மசூதிக் கமிட்டிக்காரர்கள் என்று கூடம் நிறைந்துவிட்டது. ஜாகா என்றால் அங்கே காவலாளி. நான் ஒரு விளையாட்டு வைத்தேன். ஒரு குழு எதிரி. மூன்றாம் நாள் மதியத்துக்குள் தாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு பொருளை வைக்க வேண்டும். அதுதான் குண்டு என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு ரப்பர் பேண்டு போட்டிருக்க வேண்டும். அது எந்த இடம் என்று மற்றவர்கள் என் மார்க்கை வைத்து முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

எதிரிக் குழுவுக்குத் தலைவியாக ஆயிஷா என்ற மலாய்ப் பெண் கை தூக்கினாள். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பலகையில் மார்க் பட்டியலைப் போட்டேன். முதலிடம், ஜமீலா லாத்தாவின் கடை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பேரங்காடி மேலாளர் லிம் எழுந்து கையே தட்டிவிட்டார். இடைவேளையில் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "தலைமை அலுவலகம் ரொம்ப நாளாக அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு அடைக்கச் சொல்கிறது. வெளிமேசைகளை எடுத்துவிட்டு ஒரே ஒரு கதவு. ஒரு நிபுணர் எழுதிக் கொடுக்கத்தான் காத்திருந்தோம். மூன்றாம் நாள் மாலை உங்கள் அறிக்கை கிடைத்துவிடும் அல்லவா?"

லோகாவைப் பார்த்தேன்.

"வெளிய மேசை போடலன்னா லாத்தா கடைய மூட வேண்டியதுதான் மேடம்," என்றாள் அவள் மெதுவாக. "உள்ள இருக்கிற மேசைய வச்சு வாடகை கூட கட்ட முடியாது."

மதியம் அந்தக் கடைக்குப் போகவே கூச்சமாக இருந்தது. வேறு எங்காவது சாப்பிடலாம் என்றேன். லோகா கேட்கவில்லை. விஷயம் எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"மொத மார்க்காமே தங்கச்சி," என்றார் ஜமீலா லாத்தா, என் தட்டில் மீன் தலைக் கறியை ஊற்றிக்கொண்டே. "ஸ்கூல்ல கூட நான் வாங்கினதில்ல." நான் அசடு வழிந்தேன். அவர் சிரிக்கவில்லை. "கண்ணாடி போட்டா ஏர்கோன், அதான் உங்க ஊர் ஏசி, போடணும். ஏர்கோன் போட்டா, வேலை முடிச்சு வேர்த்து ஊத்தி வர்ற பொடியனுங்க உள்ள வரக் கூச்சப்படுவானுங்க. அப்புறம் நான் யாருக்கு ஆக்குறது?"

மீன் தலையின் கண்ணைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தேன். கறி பிரமாதம், அதனால் இன்னும் வேதனை.

இரண்டாம் நாள் வெளிப் பயிற்சி. லோகா என்னைத் தன் சொந்த ஊரான பண்டார் தெங்காராவுக்கு அழைத்துப் போனாள். போகும் வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, செம்பனை, செம்பனை. நம்மூரில் தென்னந்தோப்பு முடிந்தால் ஒரு வயலாவது வரும். இங்கே கண்ணுக்கெட்டும் வரை ஒரே பச்சைக் குடை. அவளுடைய அம்மா கோழிப் பெரட்டல் செய்து வைத்திருந்தார். மிளகும் சோம்பும் தூக்கலாக, எலும்பு வரை ஊறிய ருசி. எங்கள் ஊர் பிரட்டல் இதன் பக்கத்தில் நிற்காது. இதையும் எழுதியிருக்கக் கூடாது.

லோகாவின் அப்பா கோயில் கமிட்டியில் இருக்கிறார். தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் கட்டிய மாரியம்மன் கோயில், செம்பனை மரங்களுக்கு நடுவில் பளபளவென்று இருந்தது. சுற்றிப் பார்த்து மார்க் போட்டேன். மிகக் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை என்று சந்தோஷமாகச் சொன்னேன். மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னாம்மா இவ்ளோ கம்மியாப் போட்டுட்டீங்க? எங்க தீமிதிக்கு எவ்ளோ சனம் வருது தெரியுமா? சிங்கப்பூர்லேர்ந்தெல்லாம் வராங்க!"

ஆபத்து குறைவு என்றதற்குக் கோபித்துக்கொண்ட முதல் மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஏதோ இரண்டு மார்க் கூட்டிப் போட்டேன். அவர் சமாதானமாகி, சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். போகிற போக்கில் இன்னொரு செய்தியும் சொன்னார். காலையில் ஆயிஷா தன் குழுவோடு இந்தக் கோயிலுக்கும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு ரத்தம் சூடேறியது. வேட்டை தொடங்கிவிட்டதே!

லோகாவுக்கு மாலை வேலை இருந்ததால் முன்னால் போய்விட்டாள். அவளுடைய அப்பா என்னை வழியில் உள்ள கூலாய் என்ற ஊரில் இறக்கிவிட்டார். அங்கிருந்து பஸ்ஸில் தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி ஏறினேன். குளுகுளு காற்று, வயிறு நிறைய கோழி. தூங்கிவிட்டேன். விழித்தபோது பஸ் தெற்கே போவதற்குப் பதில் வடக்கே வந்திருந்தது. பலகையில் சிம்பாங் ரெங்கம் என்று எழுதியிருந்தது. சாலையின் எதிர்ப்பக்கத்தில் ஏற வேண்டிய பஸ்ஸாம் என்னுடையது. வெடிகுண்டைக் கண்டுபிடிக்கிறவளுக்குப் பஸ்ஸைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்துச் சின்ன ஊர். அன்னாசி விற்றுக்கொண்டிருந்த ஒரு மலாய் அம்மாள், நான் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்து நாற்காலி போட்டார். எனக்கு மலாய் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் அரைகுறை. கையாலும் முகத்தாலும் பேசிக்கொண்டோம். என் வேலை என்ன என்று புரிந்ததும் அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"இங்கேயா? இங்கே லாரிக்காரன் ஒன்றுக்குப் போக மட்டும்தான் நிறுத்துவான். எங்களுக்கு எவன் குண்டு வைக்கப் போகிறான்?"

நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையால் நான் தொட்ட ஒரே உண்மையான குண்டு இப்படிப்பட்ட ஒரு சின்ன ஊரில்தான் இருந்தது. சைக்கிள் நிறுத்துமிடம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வைத்தவனைப் பிடித்து ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டபோது, போக வேண்டிய இடத்துக்குப் பஸ் வரவில்லை, அலுத்துப்போய் அங்கேயே வைத்துவிட்டேன் என்றான். அதை விதிவிலக்கு என்று ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் என் மார்க் முறையை உண்டாக்கியிருந்தேன். தவறான பஸ்ஸில் வந்து இறங்கிய எனக்கு அந்த ஆள் சொன்னது இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

அந்த அம்மாளின் அக்கா மகன் அன்னாசி ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போகும் வேனில் எனக்கு இடம் கொடுத்தான். காலடியில் அன்னாசி, மடியில் அன்னாசி, முதுகில் குத்திக்கொண்டு அன்னாசி. தெப்ராவில் இறங்கும்போது நல்ல மழை. நானே ஒரு பழம் போல மணந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஜமீலா லாத்தாவின் கடை வழியாகப் போனேன். கூடத்துக்கு நாசி லெமாக் பொட்டலங்கள் தயாராக இருந்தன. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மிளகாய்ச் சம்பல், வாழை இலையில் கட்டியது. மேலே போகிற நீங்களே கொண்டுபோய்விடுங்கள் தங்கச்சி என்று பையைக் கொடுத்தார். சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டேன். கூடத்து வாசலில் நின்ற ஜாகா எல்லாருடைய பையையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார்.

எல்லாரும் பசியோடு பாய்ந்தார்கள். நானும் ஒன்றைப் பிரித்தேன். காரமான கணவாய்ச் சம்பல். ஆஹா! லிம் இரண்டு பொட்டலம் சாப்பிட்டார். கடைசி விரலை நக்கிக்கொண்டிருக்கும்போது ஆயிஷா எழுந்து நின்று மலாயில் ஏதோ சொன்னாள். கூடம் கப்சிப் என்றானது. பிறகு ஒரே கூச்சல். லோகா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னா?"

"எல்லாரும் செத்தாச்சாம் மேடம்."

மேசையைப் பார்த்தேன். ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் கழற்றிப் போட்ட ரப்பர் பேண்டு கிடந்தது. அத்தனையும் சிவப்பு. அந்தப் பக்கத்துக் கடைகளில் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய ரப்பர் பேண்டின் நிறத்தை வைத்துக்கொள்கிறார்கள். லாத்தா கடையில் முட்டைக்கு மஞ்சள், நெத்திலிக்குப் பச்சை, கணவாய்க்குச் சிவப்பு. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தினமும் பார்த்துப் பழகிய சிவப்பு. அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எனக்கோ வாசனைதான் கண்ணை மறைத்தது. இத்தனைக்கும் உள்ளே சுமந்து வந்தவள் நான்!

கைதட்டலும் சிரிப்பும் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சொல்லப்போனால் நான்தான் அதிகம் கைதட்டினேன். எப்போது முடிவு செய்தீர்கள் என்று ஆயிஷாவைக் கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்:

"முதலில் சினிமாக் கூடம் என்று இருந்தோம். கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. பிறகு கோயில். அங்கே அந்தப் பெரியவர் பொங்கல் கொடுத்தார், மனசு வரவில்லை. கடைசியில் நீங்கள் சொன்ன முதலிடத்துக்கே வந்தோம். மழை. பசி. கணவாய்ப் பொட்டலம் வாங்கினோம். ரப்பர் பேண்டைக் கழற்றும்போதுதான் தோன்றியது. கூடத்துக்கு வரும் காலைச் சாப்பாடு எல்லாமே கணவாயாக இருக்கட்டும் என்று அப்போதே கடையில் சொல்லிவிட்டோம். நேற்று மாலை வரை எங்களுக்கே தெரியாது மேடம்."

அவர்களுக்கே தெரியாததை நான் பலகையில் மார்க் போட்டு எழுதியிருந்தேன்.

லிம் மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் காரியத்துக்கு வந்தார். "விளையாட்டு இருக்கட்டும். தலைமை அலுவலகத்துக்கு ஒரு முதலிடம் வேண்டும். கடையா, இல்லையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்றக் கட்டடங்களின் வேலையும் எனக்கு. வாய்வரை வந்துவிட்டது. அதற்குப் பதிலாக, "எல்லாரும் எழுந்து வெளியே ஓடுங்க!" என்று கத்தினேன்.

முதலில் முழித்தார்கள். பிறகு ஓடினார்கள். கூடத்துக்கு இரண்டு கதவு. ஒன்றின் குறுக்கே சாப்பாட்டு மேசையைப் போட்டு வைத்திருந்தோம். மற்றதில் அத்தனை பேரும் போய் முட்டி, தொப்பை தொப்பையோடு மோதி, ஒரு ஜாகாவின் செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. லிம் நடுவில் சிக்கிக்கொண்டு ஒரு கையை மேலே தூக்கியபடி நின்றார். எல்லாரும் வெளியே வந்து மூச்சு வாங்கியதும், அத்தனை பேரையும் கீழே அழைத்துப்போய் ஜமீலா லாத்தா கடையில் உட்காரவைத்தேன். டீ வந்தது. பாதி குடித்ததும் மறுபடி கத்தினேன்.

ஓடிய வேகம் என்ன என்கிறீர்கள்! நடைபாதைக்கு, கார்களுக்கு, சாலைப் பக்கத்துக்கு என்று கால் போன திசையில் போய்விட்டார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கடை காலி. ஒரு பெரியவர் டீ சிந்தாமல் குவளையோடு கார்களுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தார்.

"எந்தப் பைத்தியம் கத்துனது?" என்று ஜமீலா லாத்தா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்.

லிம் ஒரு காரில் சாய்ந்துகொண்டு கடையைப் பார்த்தார். அந்தத் திறந்த பக்கம் முழுவதும் கண்ணாடி போட்டு, ஒரே கதவு வைத்தால் எப்படி இருக்கும் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அப்படியானால் இந்தக் கடைக்கு ஆபத்து இல்லை என்று எழுதிக் கொடுங்கள்," என்றார்.

"முடியாது."

"கடைதான் முதலிடம் என்றாவது?"

"அதுவும் முடியாது. முதலிடம் எது என்று சொல்ல எனக்குத் தெரியாது. எங்கே நடந்தாலும் ஆட்கள் சீக்கிரம் வெளியே போக என்ன செய்யலாம் என்று மட்டும் எழுதுகிறேன். முதல் வரியே உங்கள் கூடத்துக் கதவு."

"அப்படியென்றால் உங்கள் மார்க் முறை?"

"அழித்துவிடுங்கள்."

மற்றக் கட்டடங்களுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மாலையில் அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடி வேண்டாம் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ஒரே காலையில் இரண்டு தடவை செத்தவன் நான்," என்று சிரித்தார். எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது.

லாத்தாவிடம் சொல்லக் கீழே ஓடினேன். மாவு உருண்டைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி வரல லாத்தா!"

அவர் உடனே சந்தோஷப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். மூன்று நாளாக அந்த மனுஷி பயந்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடிக்கு மட்டும் இல்லை, நான் கொடுத்த முதல் மார்க்குக்கும்.

"அப்ப என் கடைக்கு ஒண்ணும் வராதுன்னு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

பொய் சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது! "இல்ல லாத்தா. எங்க வரும், எங்க வராதுன்னு எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

வெளியே தொழிற்சாலை பஸ் ஒன்று வந்து நின்று, வேர்வையும் சிரிப்புமாகப் பையன்கள் இறங்கத் தொடங்கினார்கள்.

"அது சரி," என்றார். "நாப்பது வருஷமா யாரு வரப் போறாங்கன்னு தெரியாமத்தான் லா நானும் சோறு ஆக்குறேன்."

பிறகு, வெளியே இன்னும் இரண்டு மேசை போடச் சொல்லிக் குரல் கொடுத்தார். ஆள் வரக் காணோம். ஒரு மேசையை அவரே இழுக்க ஆரம்பித்தார். மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன்.